ஆர்.ஓ. நிலையத்தில் கண்டக்டிவிட்டி டிரான்ஸ்மிட்டர்: ஆர்டர் போடுவதிலிருந்து பராமரிப்பு வரை

திருப்பூர் வட்டாரச் சாயப்பட்டறைகளில் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆர்.ஓ.வில் (மெம்பிரேன் வழியாக உப்பைப் பிரிக்கும் கருவி) விட்டு, மிஞ்சும் உப்புத்தண்ணீரை (ரிஜெக்ட்) ஆவியாக்கி, கிடைத்த நல்ல தண்ணீரைத் திரும்பவும் சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பாதை நெடுகத் தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று, தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை (கண்டக்டிவிட்டி) வைத்து நொடிக்கு நொடி சொல்வது கண்டக்டிவிட்டி டிரான்ஸ்மிட்டர். அது தப்பாகச் சொன்னால் உப்புத்தண்ணீர் சாயத்துக்குப் போய் ஷேடு மாறும். இல்லையென்றால் நல்ல தண்ணீர் ரிஜெக்ட் டேங்குக்குப் போய், அதையும் ஆவியாக்க விறகும் கரண்டும் செலவாகும்.

மெயின்டெனன்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரு பெட்டியையும் ஆங்கில மேனுவலையும் கொடுத்து "மாட்டிடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். மேனுவலில் டெர்மினல் நம்பர் இருக்கும். எந்த இடத்தில் மாட்டினால் ரீடிங் ஆடும், எந்த செட்டிங்கை மறந்தால் நாள் முழுக்க அலைய வேண்டிவரும் என்பதெல்லாம் அதில் இருக்காது. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. டிரான்ஸ்மிட்டர் பெட்டி கெட்டுப்போவது அபூர்வம். ரீடிங் தப்பாக வந்தால் பெரும்பாலும் செல் (தண்ணீரில் மூழ்கும் சென்சார்) தப்பு, இடம் தப்பு, செட்டிங் தப்பு, அல்லது கேபிளில் ஈரம். இந்த நாலையும் பார்க்காமல் காலிபிரேஷன் (தெரிந்த மதிப்போடு ஒப்பிட்டு ரீடிங்கைத் திருத்துவது) மெனுவுக்குள் போகாதீர்கள். தப்பான ரீடிங்கைக் காலிபிரேஷனால் "சரி" செய்துவிட்டால், உண்மையான கோளாறு உள்ளே ஒளிந்துகொள்ளும்.

1. ஆர்டருக்கு முன்: எந்தத் தண்ணீர், எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு

"ஒரு கண்டக்டிவிட்டி மீட்டர் அனுப்புங்க" என்று ஆர்டர் போடக் கூடாது. இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

ஒன்று, ரேஞ்ச். ஆர்.ஓ.விலிருந்து வரும் நல்ல தண்ணீர், அதாவது பெர்மியேட், சில நூறு மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்கும். (அலகு ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமென்ஸ் என்பதுதான், பேச்சில் 'மைக்ரோ' என்றே சொல்வோம்.) ஆர்.ஓ.வுக்குள் போகும் தண்ணீர் பல ஆயிரம் மைக்ரோ. ரிஜெக்டும் சாய உப்புக் கரைசலும் அதைவிடப் பல மடங்கு. மூன்றுக்கும் ஒரே சென்சார் ஒத்துவராது. சென்சாரின் செல் கான்ஸ்டன்ட்டை (எலக்ட்ரோடுகளின் இடைவெளியையும் பரப்பையும் பொறுத்த எண்) பார்த்து வாங்க வேண்டும். பெர்மியேட்டுக்கு 0.1, சில ஆயிரம் மைக்ரோ உள்ள தண்ணீருக்கு 1.0, அதற்கும் மேலே போனால் 10 அல்லது இண்டக்டிவ் வகை. 0.01 என்பது பாய்லர் கண்டென்சேட், மருந்துக் கம்பெனித் தண்ணீர் போன்ற மிகச் சுத்தமான தண்ணீருக்கு. சாயப்பட்டறையில் அதற்கு வேலை இல்லை.

இண்டக்டிவ் சென்சாரில் தண்ணீரைத் தொடும் உலோக எலக்ட்ரோடு கிடையாது. பிளாஸ்டிக்குக்குள் இரண்டு காயில், நடுவில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். சாயம், எண்ணெய், கசடு படிந்தாலும் அந்த ஓட்டை அடைபடாதவரை ரீடிங் பெரிதாக மாறாது. விலை கூடுதல். ஆனால் கழிவுநீர் உள்ளே வரும் இடத்துக்கும் ரிஜெக்டுக்கும் இதையே வாங்கச் சொல்வேன். விலை குறைவு என்று எலக்ட்ரோடு வகையை அங்கே மாட்டினால், அதைக் கழற்றிக் கழற்றிக் கழுவுவதற்கே ஓர் ஆள் வேண்டும். பெர்மியேட்டுக்கு இண்டக்டிவ் வேண்டாம், அவ்வளவு குறைந்த உப்பில் அது துல்லியமாக அளக்காது.

இரண்டு, சூடும் அழுத்தமும். சாய மெஷினிலிருந்து நேராக வரும் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும். சாதா பி.வி.சி. பாடி அதைத் தாங்காது. சி.பி.வி.சி. அல்லது பி.வி.டி.எஃப். கேளுங்கள்.

மூன்று, தண்ணீரில் என்ன கெமிக்கல் இருக்கிறது. குளோரைடு அதிகமுள்ள தண்ணீரில் எஸ்.எஸ். 316 எலக்ட்ரோடில் பொடிப் பொடியாகக் குழி விழும். அந்த மாதிரி இடத்துக்கு கிராஃபைட் எலக்ட்ரோடு நல்லது.

2. கொட்டேஷனில் இல்லாத செலவு, கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

நம் நாட்டுத் தயாரிப்பில் எலக்ட்ரோடு சென்சாரும் டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்த செட் பத்தாயிரம் சொச்சத்திலிருந்து கிடைக்கிறது. வெளிநாட்டு பிராண்டில் இண்டக்டிவ் செட் என்றால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். இதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பட்ஜெட் போடும்போது விட்டுப்போவது வேறு: சென்சார் உட்காரும் டீ அல்லது ஃப்ளோ செல், பைப்பை நிறுத்தாமல் சென்சாரைக் கழற்ற உதவும் பால் வால்வு அசெம்ப்ளி, ஷீல்டு கேபிள், ஸ்டாண்டர்டு கரைசல் (கண்டக்டிவிட்டி மதிப்பு தெரிந்த உப்புக் கரைசல்), வெயில்மழைக்கு ஒரு தகர மூடி, சர்ஜ் புரொடெக்டர். விலை குறைந்த செட் வாங்கினால் இந்தச் சில்லறைகள் சேர்ந்து கருவியின் விலையில் பாதிக்கு வந்து நிற்கும். முதலிலேயே ஓனரிடம் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிறகு தனித்தனியாகக் கேட்டால் எதுவும் கிடைக்காது.

உள்ளூர் டீலரிடம் ஸ்டாக் இருந்தால் சில நாளில் வந்துவிடும். இறக்குமதிச் சென்சார் என்றால் வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஷட்டவுன் தேதியைச் சென்சார் கைக்கு வந்த பிறகே குறியுங்கள்.

பொருள் வரும்போது பெட்டியோடு இவையும் வந்திருக்க வேண்டும்: சீரியல் நம்பர் போட்ட காலிபிரேஷன் சான்றிதழ், சென்சார் மெட்டீரியல் சான்றிதழ், வயரிங் படம், வாரண்டி கார்டு. சான்றிதழில் உள்ள சீரியல் நம்பரும் சென்சார் உடம்பில் பொறித்த நம்பரும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள். ஒரே மாதிரி மூன்று சென்சார் ஒன்றாக வரும்போது சான்றிதழ்கள் மாறிப் போவது சகஜம். உங்கள் ஆடிட்டில் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபின் சான்றிதழ் கேட்பார்கள் என்றால் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே அதை எழுதுங்கள். பிறகு கேட்டால் கருவியைத் திருப்பி அனுப்பி, தனிக் காசு கட்டி வாங்க வேண்டிவரும். வாரண்டி எந்த நாளிலிருந்து ஆரம்பம், பில் போட்ட நாளா, ஓடத் தொடங்கிய நாளா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சென்சார் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அதில் செல் கான்ஸ்டன்ட் 0.1 என்று மொத்தமாக இல்லாமல் 0.0987 என்பது மாதிரி துல்லியமாகப் போட்டிருக்கும். ஒரு வருடம் கழித்து அந்த லேபிள் சாயத்தில் ஊறி அழிந்திருக்கும். அப்போது அந்தப் படம்தான் உதவும்.

3. சென்சாருக்கு இடம் பார்ப்பது

இந்த வேலையில் நிறைய நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். சென்சார் எப்போதும் முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும்.

மேல்நோக்கித் தண்ணீர் போகும் நேர்க்குத்துப் பைப் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பைப் எப்போதும் நிறைந்திருக்கும், காற்றுக் குமிழி தானாக மேலே ஏறிப் போய்விடும். கிடைமட்டப் பைப்தான் இருக்கிறது என்றால் பக்கவாட்டில் மாட்டுங்கள். மேலே மாட்டினால் காற்று தங்கும், கீழே மாட்டினால் கசடு தங்கும். டேங்குக்குள் தண்ணீர் விழும் பைப்பின் கடைசி முனையில் மாட்டவே மாட்டாதீர்கள். பார்வைக்குப் பைப் நிறைய ஓடுகிற மாதிரி இருக்கும், உள்ளே பாதிதான் ஓடும். குமிழி பட்டால் எலக்ட்ரோடு வகை ரீடிங் கீழே விழும். பெர்மியேட்டில் அப்படி நடந்தால் ஆபத்து. உப்பு ஏறியிருக்கும்போதும் திரை "நல்ல தண்ணீர்" என்று காட்டும்.

நீண்ட டீயின் கழுத்துக்குள் சென்சார் ஒளிந்துகொள்வது இன்னொரு பொறி. டீயின் பக்கக் கிளை நீளமாக இருந்தால் சென்சார் முனை ஓடும் தண்ணீரைத் தொடவே தொடாது. கிளையில் தேங்கிய பழைய தண்ணீரையே அளந்துகொண்டிருக்கும். ரிஜெக்ட் லைனில் இது இன்னும் மோசம். சாயத்துக்குப் போடும் கிளாபர் உப்பின் (சோடியம் சல்பேட்) கரைதிறன் 32 டிகிரிக்குக் கீழே மளமளவென்று குறையும். மார்கழி இரவில் பிளாண்ட் நின்றால், தேங்கிய இடத்தில் கண்ணாடித் துண்டு மாதிரி உப்பு படிந்து இண்டக்டிவ் சென்சாரின் ஓட்டையையே அடைத்துவிடும். கிளை முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். சென்சார் முனை பைப்பின் நடுப்பகுதிவரை நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

ஆசிட், காஸ்டிக் கலக்கும் டோசிங் பாயிண்டுக்கு ஒட்டினாற்போல் மாட்டக் கூடாது. கெமிக்கல் நன்றாகக் கலந்த பிறகே அளக்க வேண்டும். பைப் விட்டத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு தூரமாவது தள்ளிப் போங்கள். இண்டக்டிவ் சென்சாரின் ஓட்டை தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பைப் சுவர் சென்சாருக்கு மிக அருகில் இருந்தால் ரீடிங் மாறும். மேனுவலில் 'இன்ஸ்டலேஷன் ஃபேக்டர்' என்று இருப்பது அதற்கான திருத்தம்தான்.

கழற்றிக் கழுவ ஆள் நிற்க இடம் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஏணி போட்டு ஏற வேண்டிய இடத்தில் மாட்டிய சென்சாரை ஒருவரும் கழுவ மாட்டார்கள். பக்கத்திலேயே ஒரு சாம்பிள் டேப் வையுங்கள். பின்னால் எல்லாச் சந்தேகத்தையும் தீர்த்துவைப்பது அந்த டேப்தான்.

பி.வி.சி. பைப்பில் புதிதாக டீ ஒட்டினால் பசை காய ஒரு நாளாவது விடுங்கள். ஷட்டவுன் நேரம் கேட்கும்போது இதையும் சேர்த்தே கேளுங்கள்.

4. வயரிங்

டிரான்ஸ்மிட்டர் டூ-வயரா, ஃபோர்-வயரா என்று முதலில் பாருங்கள். டூ-வயர் என்றால் 24 வோல்ட் டி.சி. லூப்பிலேயே கரண்டும் சிக்னலும் போகும். அந்த டெர்மினலில் 230 வோல்ட் கொடுத்தால் கருவி அப்போதே போய்விடும், வாரண்டியும் கிடைக்காது. ஃபோர்-வயர் என்றால் சப்ளை தனி, 4–20 மில்லிஆம்ப் சிக்னல் தனி. பெரும்பாலும் அது தானே லூப்புக்குக் கரண்டு கொடுக்கும். அதைக் கொண்டுபோய், தானும் 24 வோல்ட் கொடுக்கும் பி.எல்.சி. (பிளாண்டை ஓட்டும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) கார்டில் இணைத்தால் இரண்டும் மோதும். கார்டு போனால் அதன் விலை டிரான்ஸ்மிட்டரைவிட அதிகமாக இருக்கலாம். வயரைச் சொருகும் முன் இரண்டு பக்க வயரிங் படத்தையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள்.

சென்சார் கேபிளை மோட்டார் கேபிள் போகும் டிரேயில் போடாதீர்கள். ஆர்.ஓ. ஹைபிரஷர் பம்பு வி.எஃப்.டி.யில்தான் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓடும், அதன் மின் இரைச்சல் நேராக ரீடிங்கில் ஏறும். தனி பைப்பில் கொண்டுபோங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும், மேனுவல் சொல்லும் இடத்தில், எர்த்தில் கட்டுங்கள். இரண்டு முனையிலும் கட்டினால் ஷீல்டு வழியாகவே கரண்டு சுற்றும். ரீடிங் ஆடினால் பம்பை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஆட்டம் உடனே நின்றால் குற்றவாளி வி.எஃப்.டி. அல்லது எர்த்திங்.

கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் கிளாண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பெட்டியில் ஐ.பி. 65 (தூசியும் தண்ணீரும் புகாது) என்று போட்டிருப்பது கிளாண்டை முறையாக இறுக்கி, பயன்படாத ஓட்டைக்குப் பிளக் போட்டால்தான் செல்லும். கேபிள் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கக் கூடாது. பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு அடியிலிருந்து உள்ளே ஏற வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஒரு பட்டறையில் பெர்மியேட் ரீடிங் மழை பெய்தால் ஏறி, வெயில் அடித்தால் இறங்கிக்கொண்டிருந்தது. மெம்பிரேன் போச்சு என்று மாற்றுவதற்கே ஆர்டர் தயாராகிவிட்டது. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒரே ஒரு சொட்டு. துடைத்து, ஹேர் டிரையரால் உலர்த்தி, கிளாண்டை மாற்றியதும் ரீடிங் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

5. செட்டிங்: பவர் போட்டதும் பார்க்க வேண்டிய ஐந்து

செல் கான்ஸ்டன்ட். சென்சார் 0.1, டிரான்ஸ்மிட்டரில் கம்பெனி வைத்து அனுப்பிய 1.000 அப்படியே இருந்தால், 200 மைக்ரோ தண்ணீர் 2000 என்று காட்டும். சரியாகப் பத்து மடங்கு தப்பு என்றால் வேறு எங்கும் தேடாதீர்கள்.

டெம்பரேச்சர் சென்சார் வகை. பி.டி. 100, பி.டி. 1000 என்று இரண்டு உண்டு. மாறியிருந்தால் திரையில் காட்டும் வெப்பநிலையே காட்டிக்கொடுத்துவிடும்.

டெம்பரேச்சர் காம்பன்சேஷன். தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் கண்டக்டிவிட்டி சுமார் 2 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 200 உள்ள தண்ணீர் 32 டிகிரியில் சுமார் 228 ஆகிவிடும், உப்பு ஒரு கிராம்கூட ஏறாமலே. அதனால் காம்பன்சேஷன் ஆனில், ரெஃபரன்ஸ் 25 டிகிரியில் இருக்கட்டும். லேப் மீட்டரிலும் அப்படியே இருக்க வேண்டும். லேபுக்கும் பிளாண்டுக்கும் நடக்கும் சண்டையில் பாதி இங்கேதான் கிளம்புகிறது.

டி.டி.எஸ். ஃபேக்டர் (மைக்ரோவைக் கரைந்த உப்பின் பி.பி.எம். அளவாக மாற்றப் பெருக்கும் எண்). மீதிப் பாதிச் சண்டை இதனால். 1000 மைக்ரோ தண்ணீரை 0.5 ஃபேக்டர் உள்ள மீட்டர் 500 பி.பி.எம். என்று காட்டும், 0.7 உள்ளது 700 என்று காட்டும். இரண்டும் சரியாக அளந்தவைதான். பிளாண்ட் முழுக்க மைக்ரோசீமென்ஸிலேயே பேசுங்கள் என்பதுதான் என் யோசனை.

ரேஞ்ச். டிரான்ஸ்மிட்டரில் 0–500 வைத்தால் பி.எல்.சி.யிலும் 0–500 இருக்க வேண்டும். 200 மைக்ரோவுக்கு 10.4 மில்லிஆம்ப் போகும். பி.எல்.சி.யில் 0–1000 என்று இருந்தால் அங்கே 400 என்று தெரியும். மல்டிமீட்டரை லூப்பில் தொடராகப் போட்டு ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டால் பிரச்சினை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அலாரத்துக்கு டிலே கொடுக்க மறக்காதீர்கள். நின்றிருந்த ஆர்.ஓ.வை ஓடவிட்டதும் முதல் சில நிமிடம் பெர்மியேட்டில் உப்பு கூடுதலாகத்தான் வரும். டிலே இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அலாரம் அடிக்கும். ஆப்பரேட்டர் வெறுத்துப்போய் அலாரத்தையே அணைத்து வைத்துவிடுவார்.

எல்லா செட்டிங்கையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்.

6. காலிபிரேஷன்

முதலில் காற்றில் சோதனை. சென்சாரைக் கழுவி, நன்றாக உலர்த்தி, காற்றில் பிடித்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கேபிளிலோ ஜங்ஷன் பாக்ஸிலோ ஈரம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

அடுத்து ஸ்டாண்டர்டு கரைசல். நீங்கள் அளக்கும் தண்ணீருக்கு நெருக்கமான மதிப்பில் எடுங்கள். 1413 மைக்ரோ, 12.88 மில்லிசீமென்ஸ் இரண்டும் எளிதில் கிடைக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல்கள். குறைந்த உப்புக்கு 84 மைக்ரோவும் உண்டு, ஆனால் பாட்டிலைத் திறந்ததும் காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து மதிப்பு நகரத் தொடங்கும். திறந்த கையோடு பயன்படுத்துங்கள்.

ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றிச் சென்சாரை அலசிக் கொட்டிவிடுங்கள். இன்னொரு கிளாஸில் புதிதாக ஊற்றி அளவு எடுங்கள். சென்சாரை லேசாக ஆட்டிக் குமிழியை விரட்டுங்கள். கரைசலும் சென்சாரும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை பொறுமையாக இருங்கள். சூடான பைப்பிலிருந்து எடுத்த சென்சாருக்கு இதற்கே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அவசரப்பட்டால் எல்லாம் வீண். பயன்படுத்தியதைப் பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றாதீர்கள்.

பாட்டில் மேல் ஒரு பட்டியல் இருக்கும்: 25 டிகிரியில் 1413, 20 டிகிரியில் 1278 என்று. காம்பன்சேஷன் ஆனில் இருந்தால் 1413 என்று கொடுங்கள். ஆஃபில் இருந்தால் மட்டும் அந்த நேரத்து வெப்பநிலைக்கு உரிய மதிப்பு. ஆனில் வைத்துக்கொண்டு பட்டியல் மதிப்பையும் போட்டால் ஒரே திருத்தம் இரண்டு தடவை ஏறிவிடும்.

முடிந்ததும் புதிய செல் கான்ஸ்டன்ட்டைப் பாருங்கள். லேபிளில் இருந்ததிலிருந்து சில சதவீதம் நகர்வது சகஜம். பத்து, பதினைந்து சதவீதம் நகர்ந்தால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சென்சாரில் அழுக்கு இருக்கும் அல்லது கரைசல் கெட்டிருக்கும்.

கரைசலின் லாட் நம்பர், காலாவதித் தேதி, முன்னும் பின்னும் வந்த ரீடிங், யார் செய்தது என்று நோட்டில் எழுதுங்கள். உங்கள் ரீடிங் ஆன்லைனில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறது என்றால், சென்சாரைக் கழற்றும் முன் தகவல் கொடுத்து, நேரத்தையும் குறித்து வையுங்கள். திடீரென்று விழுந்த ரீடிங்குக்கு விளக்கம் கேட்டால் அந்த நோட்டைக் காட்டலாம்.

7. பராமரிப்பு

சென்சாரைத் தொடும் முன் டிரான்ஸ்மிட்டரை 'ஹோல்டு'க்கு (ரீடிங்கை அப்படியே நிறுத்திவைக்கும் நிலை) மாற்றி, ஆப்பரேட்டரிடம் சொல்லுங்கள். லைனில் அழுத்தத்தை இறக்குங்கள். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். வேலை முடிந்ததும் ஹோல்டை எடுக்க மறப்பதுதான் இந்த வேலையிலேயே அதிகம் நடக்கும் தவறு. திரையில் ஒரே எண் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் முதலில் அதைப் பாருங்கள்.

வாரம் ஒரு முறை சாம்பிள் டேப்பில் தண்ணீர் பிடித்து, கை மீட்டரோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை, செலவில்லை. கழிவுநீர் லைனில் உள்ள சென்சாரை மாதம் ஒரு தடவையாவது கழுவுங்கள், பெர்மியேட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். காலிபிரேஷன் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒப்பீட்டில் வித்தியாசம் தெரிந்தால் அதற்கு முன்பே.

எண்ணெய்ப் பிசுக்குக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும். வெள்ளையாகப் படிந்த சுண்ணாம்புக்கு 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் சில நிமிடம். கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. எஸ்.எஸ். எலக்ட்ரோடை ஆசிட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், அரித்துவிடும். கறுப்பாகப் பிளாட்டினம் பூசிய எலக்ட்ரோடு என்றால் பிரஷ்ஷே படக் கூடாது. உப்புத்தாள் எதற்கும் வேண்டாம். எலக்ட்ரோடின் பரப்பு மாறினால் செல் கான்ஸ்டன்ட்டும் மாறிவிடும்.

8. ரீடிங் சந்தேகமாக இருந்தால்

இந்த வரிசையில் போங்கள். சாம்பிளைக் கை மீட்டரில் பாருங்கள். இரண்டும் ஒத்தால் கருவி சரி, தண்ணீர்தான் மாறியிருக்கிறது. மெம்பிரேனையும் ஓ-ரிங்கையும் பாருங்கள். ஒத்துவராவிட்டால் சென்சாரைக் கழற்றிக் கழுவி, காற்றுச் சோதனை. காற்றில் பூஜ்யம் வந்து, தண்ணீரிலும் பூஜ்யமே என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. எலக்ட்ரோடு அழுக்கானால் ரீடிங் பொதுவாகக் குறையும், கேபிளில் ஈரம் ஏறினால் கூடும்.

அப்புறம் டெம்பரேச்சர் வயரை மல்டிமீட்டரில் அளங்கள். பி.டி. 100 என்றால் 25 டிகிரியில் சுமார் 109.7 ஓம், பி.டி. 1000 என்றால் அதன் பத்து மடங்கு. முடிவே இல்லாத ஓம் காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது, சென்சாரை மாற்ற வேண்டியதுதான்.

பெட்டி மேலேயே சந்தேகம் என்றால் எலக்ட்ரோடு வகைக்கு எளிய சோதனை உண்டு. சென்சார் வயர்களைக் கழற்றி, அந்த டெர்மினலில் 1000 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். காம்பன்சேஷன் ஆஃப். செல் கான்ஸ்டன்ட் 1.0 என்றால் 1000 மைக்ரோவும், 0.1 என்றால் 100 மைக்ரோவும் வர வேண்டும். வந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் அந்த ரெசிஸ்டர் சில ரூபாய்தான். சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தால் போக்குவரத்துச் செலவும் விசிட் சார்ஜும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் வரும். இந்தச் சோதனையை முடித்து, கிடைத்த எண்களையும் லேபிள் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு போன் போட்டால், பல சமயம் அவர் வராமலே வேலை முடிந்துவிடும்.

ஸ்டோரில் ஒரு பெர்மியேட் சென்சார், இரண்டு கிளாண்டு, ஒரு செட் ஓ-ரிங், திறக்காத ஒரு ஸ்டாண்டர்டு பாட்டில் எப்போதும் இருக்கட்டும். பாட்டிலில் காலாவதித் தேதி உண்டு, அதனால் அதை மட்டும் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள்.